துணி பெரியப்பாவுக்கு, கம்பு அப்பாவுக்கு

எங்கள் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது கூடாரத்தின் துணி பெரியப்பாவுக்கும், அதன் கம்புகளும் முளைகளும் அப்பாவுக்கும் வந்தன. சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பார்கள். நிலத்தை வரப்பு போட்டுப் பிரித்துவிடலாம். மாட்டை ஆளுக்கு ஒன்றாக ஓட்டிக்கொண்டு போகலாம். அண்டா உனக்கு, குத்துவிளக்கு எனக்கு என்று ஈடு கட்டலாம். கூடாரத்தை என்ன செய்வது? பெரியப்பா ஏலக்காய் மலையிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவர் "நீ வைத்துக்கொள்" என்று விட்டுப்போன பழைய கூடாரம் அது. வந்த நாளிலிருந்து பரணில் கிடந்தது. அதை ஒருவரும் ஒருநாளும் விரித்ததில்லை. ஆனால் பாகம் என்று வந்துவிட்டால் பரணில் கிடப்பதற்கும் உயிர் வந்துவிடுமே. அண்ணனும் தம்பியும் அதற்காக மல்லுக்கு நின்றார்கள். மத்தியஸ்தம் பேச வந்த பெரியவர்களுக்குப் பசி வேளை. துணி மூத்தவனுக்கு, கம்பு இளையவனுக்கு என்று சொல்லித் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். இருவருக்கும் அதில் பரம திருப்தி. தனக்குப் பயன்படாவிட்டாலும் அடுத்தவனுக்கும் பயன்படாதே.

பெரியப்பா அந்தத் துணியில் மிளகாய் வற்றலைக் கொட்டி மூட்டை கட்டினார். அப்பா தம் பங்குக்கு ஒரு கம்பைப் புடலைப் பந்தலுக்கு ஊன்றினார். இன்னொரு கம்பு மாட்டுத்தொழுவத்துக்குக் கொஞ்சம் உயரமாக இருந்தது; ஒரு முழம் அறுத்தெறிந்துவிட்டு முட்டுக்கொடுத்தார். இரும்பு முளைகளில் கன்றுக்குட்டிகளைக் கட்டினார். இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. அப்போது எங்கள் வீட்டில் சிரிப்பு என்பது சுத்தமாக நின்றுபோயிருந்தது.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், முல்லையாற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் நெல் விளைகிற ஊர். அங்கே பிறந்தவர்களுக்குப் பேச்சும் தண்ணீர்தான், சண்டையும் தண்ணீர்தான். பாகம் பிரிக்கும் முன்பே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வயலாகப் பார்த்துவந்தார்கள். ஆற்றில் வரத்துக் குறைந்த ஒரு வருஷம், மேலே இருந்த பெரியப்பாவின் வயலில் தண்ணீர் நின்றது; கீழே இருந்த அப்பாவின் நாற்று கருகிக்கொண்டிருந்தது. முறை வரும்வரை பொறுக்க மாட்டாமல் அப்பா போய் அண்ணனுடைய வரப்பை வெட்டிவிட்டார். கேட்டிருந்தால் பெரியப்பாவே வெட்டிவிட்டிருப்பார் என்று பெரியம்மா பின்னாளில் சொல்லுவாள். கேட்கவில்லை, அதுதான் கோளாறு. "கூடப் பொறந்தவன் என் வரப்புல கை வச்சுட்டான்" என்று பெரியப்பா ஊர்ச்சாவடியில் நின்று சொன்னார். அப்பாவுக்கு அதைவிட ரோஷம். வீரபாண்டிக்கு நடந்தே போய், கௌமாரியம்மன் சன்னதியில் சூடத்தை அடித்து, அண்ணன் போட்ட வரப்பை உயிருள்ளவரை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினை. அதற்குப் பிறகுதான் முற்றத்தின் குறுக்கே சுவர்.

அந்தச் சுவரால் யாருக்கு என்ன நஷ்டமோ, முழு நஷ்டம் பெரியம்மாவுக்குத்தான். நான் பிறந்ததும் அம்மா வெகுநாள் படுக்கையாகக் கிடந்தாள். என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்ததெல்லாம் பெரியம்மா. அவளுக்கு ஒரே ஓர் ஆண் குழந்தை பிறந்து, தவழும் முன்னே போய்விட்டது. பிறகு ஒன்றும் தங்கவில்லை. அம்மா தேறி எழுந்தபிறகும் நான் பெரியம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. அம்மா கூப்பிட்டால் ஓடிப்போய் பெரியம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேனாம். பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற வயதா அது?

சுவர் எழும்பிய அன்று நான் பெரியம்மாவின் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுவர் பெரியவர்களின் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அப்பா அந்தப் பக்கத்திலிருந்து வந்து, என்னைத் தூக்கி, ஈரச் சுவருக்கு மேலாகக் கொண்டுபோய் எங்கள் பக்கத்தில் இறக்கினார். எனக்காகப் பிசைந்த சோற்று உருண்டை பெரியம்மாவின் கையிலேயே இருந்தது. அவள் அந்தக் கையைக் கீழே இறக்கத் தெரியாதவள்போல நின்றாள். கொத்தனார் அடுத்த வரிசையை வைக்கத் தொடங்கினார்.

அதன்பின் அவள் வீட்டுக்குப் போகவேண்டுமானால் தெருவழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். போகக்கூடாது என்று உத்தரவு. அவள் அம்மி அரைக்கிற சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். நான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்பேன். அம்மா பார்ப்பாள், கண்டிக்கவும் மாட்டாள், தன் பக்கத்தில் கூப்பிடவும் மாட்டாள். எனக்குத் தம்பி பிறந்தபோதுகூடப் பெரியம்மா வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போனாள்.

அப்படி இருக்கையில்தான் ஊருக்குள் எலி விழுந்தது. எலி விழுவது என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்கு விளக்கவேண்டாம். கூரையிலிருந்தும் குதிரிடுக்கிலிருந்தும் எலிகள் தள்ளாடி வந்து நடுவீட்டில் செத்து விழும். அதற்குப் பின்னால் பிளேக் வரும். எலி விழுந்த வீட்டில் அன்றைக்குப் பொழுது சாயும்வரைகூட யாரும் இருக்கமாட்டார்கள். ஊரே பாயும் சட்டியும் கோழியும் ஆடுமாகக் கிளம்பி, மேற்கே மலையடிவாரத்துப் புஞ்சைக்காட்டில் குடிசை போட்டுத் தங்கும். நோய் ஓய்ந்து, வீடு வெள்ளையடித்தபின் திரும்பும். எங்கள் தெருக்கோடியில் எண்ணெய் விற்கிறவர் வீட்டில் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போனபிறகு யாரும் யோசிக்கவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பியதால் தென்னங்கிடுகுக்கும் சோளத்தட்டைக்கும் அடிபிடி. முந்தியவர்களுக்குக் குடிசை. அப்பாவும் பெரியப்பாவும் முந்தவில்லை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தனித்தனியாக.

எங்கள் வீட்டில் கைக்குழந்தை. வானத்தில் ஐப்பசி மேகம். தெருக் கிணற்றடியில் அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சுவர் வந்தபிறகு அதுதான் முதல் பேச்சு.

"அக்கா, கம்பு எங்க வீட்டுல இருக்கு."

பெரியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "துணி எங்க வீட்டுல இருக்கு. வத்தலைக் கொட்டிட்டுத் தாரேன்."

அவ்வளவுதான். ஆண்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "புள்ளையத் தூக்கிட்டு ஆலமரத்தடியில கெடக்கச் சொல்லுறாகளா?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அதான, கேளு நல்லா" என்று பெரியம்மாவின் குரல் வந்தது. சுவர் கட்டியதிலிருந்து அதற்குக் கிடைத்த முதல் பயன் அது என்று சொல்லவேண்டும்.

புஞ்சைக்காட்டில் கூடாரம் போட்ட கூத்தை ஊரே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பெரியப்பா துரையின் முகாமில் கூடாரம் நிற்பதைப் பார்த்தவர், போட்டவர் அல்ல. ஆனாலும் தனக்குத்தான் தெரியும் என்ற தோரணையில் இடுப்பில் கை வைத்து நின்றார். அப்பாவோடு பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பன்கிட்டச் சொல்லு, நெட்டக்கம்பு நடுவுல" என்பார். அப்பா கம்பை நட்டுக்கொண்டே, "உங்க பெரியப்பாகிட்டக் கேளு, அறுத்த கம்பு எங்கன வைக்க?" என்பார். பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இருவரும் என் வழியாகப் பேசினார்கள். தலையைத் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து வலித்துப்போனது. துணியை உதறியபோது மிளகாய் நெடி கிளம்பி எல்லாரும் தும்ம ஆரம்பித்துவிட்டோம். பிளேக்குக்குப் பயந்து வந்திருக்கிற சனங்களுக்கு நடுவில் ஒரு குடும்பமே தும்மினால் எப்படி இருக்கும்! பக்கத்துக் குடிசைக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். அதனால் எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

கடைசியில் கூடாரம் நின்றது. அப்பா அறுத்த கம்பு இருந்த பக்கம் தாழ்ந்து, படுக்கத் தொடங்கிய மாடுபோல இருந்தது. வாசல் கிழக்குப் பார்த்து. அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அம்மா வாசலைச் சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டாள். பால் காய்ச்சாமல் குடிபுக மாட்டேன் என்று வேறு பிடிவாதம் பிடித்தாள். புஞ்சைக்காட்டுக் காற்றில் அடுப்பு பற்றவேண்டுமே. பெரியம்மா தன் சேலையை விரித்துக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள், அம்மா ஊதினாள். பால் பொங்கி வழிந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். ஊரார் வீடுகளைக் காலி செய்துவிட்டு ஓடிவந்திருக்கிற இடத்தில் நாங்கள் புதுமனை புகுவிழா நடத்தினோம்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஆண்கள் அதையும் பாகம் பிரித்தார்கள். நடுக்கம்பிலிருந்து கயிறு கட்டி அம்மாவின் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். வடக்குப் பாதி பெரியப்பாவுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. ஆனால் சேலை தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு சாண் இடைவெளியில்தான் நான் பெரியம்மாவிடம் திரும்பிப் போனேன். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில் சேலைக்கு அடியில் அவள் கை வரும். முதல் நாள் அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பவள் மாதிரி. நான் உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். "வளந்துட்டியே தாயி" என்றாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈர் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இனி வரப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். கூடாரத்தில் குடியிருக்கப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் அது.

மழைக்காலம் என்பதால் கூடாரத்தைச் சுற்றித் தண்ணீருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஆண்கள் இருவருக்குமே தோன்றியது. பேசிக்கொள்ளவில்லை. அப்பா மேற்குப் பக்கத்திலிருந்து மண்ணைக் கோலத் தொடங்கினார். அதைப் பார்த்த பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போனார். இரண்டு பேரும் கூடாரத்தைச் சுற்றி வரப்பு போட்டார்கள். மண்ணை வாரி அணைத்து, மிதித்து, முதுகு தட்டி, கையளவு இடைவெளி இல்லாமல். இரண்டு பாதியும் மூலையில் வந்து சேர்ந்தபோது மட்டம் பிசகவில்லை. ஒரே தகப்பனிடம் வேலை கற்ற கைகள் அல்லவா? ஊரே வந்து பார்த்து மெச்சியது. "வரப்புன்னா இது வரப்பு" என்றார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே! தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை வயலில் நிறுத்தியே பழகிய ஊர். தண்ணீரை வெளியே அனுப்புவது என்று ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு பக்கமும் வரப்பு கட்டி, நடுவில் நாற்றுக்குப் பதிலாக எங்களை நட்டிருந்தார்கள்.

மழை ஒரு நாள் பிற்பகலில் வந்தது. மலையை மறைத்துக்கொண்டு வந்து, ஒரே வீச்சாகக் கொட்டியது. கூடாரத்துத் துணியில் விழுந்த தண்ணீர் அத்தனையும் வரப்புக்குள் இறங்கியது. மேட்டிலிருந்து வந்தது மேற்கு வரப்பைத் தாண்டி அதோடு சேர்ந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கள் கால்விரல் மறைந்தது. பிறகு கணுக்கால். சட்டிகள் மிதந்துபோய்ச் சேலைக்கு அடியில் புகுந்து பெரியம்மாவின் சட்டிகளோடு சேர்ந்துகொண்டன. தம்பி மட்டும் கூரைக்கம்பில் கட்டிய தொட்டிலில் ராஜாவாகத் தூங்கினான். துணி ஒழுகுகிறதா என்று பார்க்க நான் விரலால் தொட்டேன். தொட்ட இடத்திலெல்லாம் ஒழுகத் தொடங்கியது. நனைந்த கயிறுகள் முறுக்கேறிச் சுருங்கி இழுக்க, முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. மழை வந்தால் கயிற்றைத் தளர்த்தவேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? தளர்ந்துவிடுமோ என்று பயந்து அன்று காலையில்தான் பெரியப்பா எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருந்தார்.

நடுக்கம்பு ஆடியது. பெரியப்பா ஓடிவந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விட்டால் கூடாரம் எங்கள் தலையில் விழும். பெரியம்மா என்னைத் தூக்கிப் பெட்டிமேல் நிறுத்தி, அணைத்துக்கொண்டாள். அப்பா வெளியே மழையில், கையில் மண்வெட்டியோடு நின்றார். சரிவு கிழக்கே. அங்கே வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும். ஆனால் அது அண்ணன் போட்ட வரப்பு. மனிதர் மண்வெட்டியை ஓங்குகிறார், இறக்குகிறார், ஓங்குகிறார். கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

"அங்கன என்னங்க பண்ணுறீக?" என்று அம்மா அலறினாள்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்!" என்று அப்பா மழைக்குள்ளிருந்து கத்தினார்.

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் அவரைப் பார்த்து நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பெரியப்பா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கம்பைப் பிடித்தபடியே வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஏலே! பிள்ள தண்ணியில நிக்குது. வெட்டுலே!"

"நீங்க போட்டதுண்ணே!"

"போட்டவன்தான சொல்லுறேன். வெட்டு! ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்!"

அப்பா வெட்டினார். ஒரே வெட்டு. தண்ணீர் மடை திறந்த மாதிரி சத்தமாக வெளியே ஓடியது, எங்கள் கரண்டி ஒன்றையும் பெரியப்பாவின் செருப்பு ஒன்றையும் இழுத்துக்கொண்டு. அப்பா மழையிலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று சொல்ல முடியாது. மழையில் அது தெரியாது. நான் பெட்டிமேல் நின்று கைதட்டிச் சிரித்தேன். பெரியம்மா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அதற்குப்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அண்ணனும் தம்பியும் பேசினார்கள், ஆனால் கூடாரத்தைப் பற்றி மட்டும். கயிறு, முளை, வெளியே நீர் ஓடத் தோண்டிய வாய்க்கால், இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பெண்கள் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். நனைந்துபோன சேலைத் தடுப்பை அம்மா துவைத்துக் காயப்போட்டாள்; திரும்பவும் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கொஞ்சநாள் கழித்து அவளாகவே கட்டினாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு சோடி இருக்கிற இடத்தில் மறைப்பு வேண்டுமே. நான் எந்தப் பக்கம் என்று மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த மாதங்களில் பெரியம்மா என்னை விட்ட இடத்திலிருந்து வளர்த்தாள். அவள் எனக்குத் தலைவாரினாள், முள் எடுத்தாள், ஓடையில் குளிப்பாட்டினாள், சுகாதார இலாகா ஆட்கள் ஊசி போட வந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு மலையைப் பார்த்து ஓட்டமெடுத்துப் பிறகு திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பேச்சு மட்டும் குறைவு. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா சிலசமயம், "போதும், இங்கிட்டு வா, தம்பியப் பாத்துக்க" என்று கூப்பிடுவாள். குரலில் கோபம் இருக்காது. என்னமோ ஒன்று இருக்கும். பெரியம்மா உடனே கையை எடுத்துவிடுவாள். "அம்மா கூப்புடுறா பாரு, போ" என்பாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கேட்டவுடன் கழுவித் திருப்பித் தருகிறவளைப் போல.

தினமும் சாயங்காலம் ஊர்ப்பக்கம் போய்வருகிறவர்களிடம் அவள்தான் முதலில் கேட்பாள்: "இன்னமும் எலி விழுதா?" விழுகிறது என்றால், "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டுவாள். தை பிறந்து, வெயில் ஏற ஏற, "இப்பம் விழுறதில்லத்தா" என்ற பதில் வரத் தொடங்கியது. காட்டிலிருந்த அத்தனை குடிசையிலும் முகம் மலர்ந்தது. பெரியம்மாவும், "நல்லதாப் போச்சு" என்றுதான் சொல்லுவாள். சொல்லிவிட்டு, நன்றாக இருக்கிற என் பின்னலை அவிழ்த்துப்போட்டுத் திரும்பப் பின்னுவாள்.

ஊருக்குள் வீடுகளின் ஓடுகளைப் பிரித்து உள்ளே வெயில் காயவிட்டார்கள். வெள்ளையடித்தார்கள். பிறகு ஒருநாள் தமுக்கு அடித்துக்கொண்டு வந்து, குடி திரும்பலாம் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். பிரிக்கும்போது அண்ணனும் தம்பியும் கைதேர்ந்தவர்களாகியிருந்தார்கள், ஒரு கயிறு சிக்கவில்லை. பெரியப்பா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா கம்புகளையும் முளைகளையும் கட்டி வண்டியில் ஏற்றினார். அவரவர் பங்கு அவரவரோடு. ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாமே என்று சொல்ல இருவருக்குமே மனம் இருந்தது என்று நான் நம்புகிறேன். வாய்தான் இல்லை.

பெரியம்மா அன்று என் பக்கம் வரவேயில்லை. மூட்டை கட்டுவதும் சட்டி துலக்குவதுமாக, செய்துமுடித்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். வண்டி புறப்பட்டபோது அதில் ஏறவில்லை. பின்னால் நடந்து வந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெருவுக்கு வந்ததும் வண்டி எங்கள் வாசலில் பாதியும் அவர்கள் வாசலில் பாதியும் மூட்டைகளை இறக்கியது. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். முற்றத்தில் சுவருக்கும் சேர்த்து வெள்ளையடித்திருந்தார்கள். அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அம்மா மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்பாவின் வேட்டி வந்தது. தம்பியின் துணிகள் வந்தன. என்னுடையது ஒன்றும் வரவில்லை.

"அம்மா, என் பாய் எங்க?"

"இதுல இல்லையா?" என்றாள், மூட்டையைப் பார்க்காமல். "பெரியம்மா மூட்டையில சேத்துக் கட்டிட்டேன் போலருக்கு. போயி வாங்கிக்க."

நான் தெருவழியாகச் சுற்றி ஓடினேன். பெரியம்மா கட்டிய மூட்டைகளைக் கட்டியபடியே விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "இங்கன ஏன் தாயி வந்த? அப்பா வைவாக."

"அம்மாதான் போகச் சொல்லுச்சு. என் பாய் இங்க இருக்காம்."

அவள் மூட்டையை அவிழ்த்தாள். மேலாக என் பாய். அதற்குக் கீழே என் பாவாடைகள் இரண்டும். என் போர்வை. என் சிலேட்டு. தீபாவளிக்கு எடுத்து இன்னும் உடுத்தாத புதுச் சட்டை. என் தட்டும் டம்ளரும், துலக்கி, துணியில் சுற்றி. தவறிப்போய் ஒரு பொருள் மாறிப் போகலாம். ஒரு பிள்ளையின் சாமான் அத்தனையும் அப்படி அடுக்கி மடித்து மாறிப் போகாது. பெரியம்மா ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

எங்கள் வாசலில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். உச்சிவெயிலில் யார் கோலம் போடுவார்கள்? பெரியம்மா கொஞ்சதூரத்தில் நின்று, "ஏத்தா..." என்றாள்.

அம்மா நிமிரவில்லை. "இருக்கட்டும்க்கா" என்றாள். "அங்கனயே இருக்கட்டும். எனக்குச் சின்னவனப் பாக்கவே நேரம் பத்தல."

அவ்வளவுதான் பேச்சு. நான் கல்யாணமாகிப் போகும்வரை பெரியம்மாவின் வீட்டில்தான் வளர்ந்தேன். அன்று சாயங்காலம் அப்பா வந்து, "பிள்ள எங்க?" என்று கேட்டாராம். அம்மா மோவாயால் சுவரைக் காட்டினாளாம். அவர் சற்றுநேரம் சுவரைப் பார்த்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாராம். அந்தச் சுவரைக் கடைசிவரை யாரும் இடிக்கவில்லை. சுவருக்கு இரண்டு பக்கத்திலும் எனக்குச் சோறு இருந்தது.

இப்போது பெரியம்மா இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் பழனிசெட்டிபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். சிமெண்டுச் சுவர் வைத்த வீடு. எனக்குத் தனி அறை. கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து அறையில் யார் சிரித்தாலும் அழுதாலும் கேட்காது. நல்ல வசதிதான். மகளும் மருமகனும் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வைகை அணைப்பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரே துணிக்குள் எல்லாரும் எப்படி இருப்பது, ஒருத்தர் மூச்சுவிட்டால் இன்னொருத்தருக்குக் கேட்குமே என்று மகள் கவலைப்படுகிறாள். கேட்கட்டுமே என்று நான் சொன்னேன்.

அம்மா கடைசி நாட்களில் என்னோடுதான் இருந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னைத் தூக்கிக் கொடுக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?"

"கூடாரத்துல ஒரு சேலதான நடுவுல?" என்றாள். "சாயங்காலம் விளக்கு ஏத்திட்டு ரெண்டு பேரும் ஆத்தாளக் கும்புடுவோம். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சீக்கிரம் நோய் போகணும், வீட்டுக்குப் போகணும்னு நான் கும்புடுவேன். எதுக்குங்கிற? அங்கனயே இருந்தா நீ முழுசா அவ பிள்ளையாயிருவியோன்னு பயம். அவ என்னான்னு கும்புடுவா தெரியுமா? 'ஆத்தா, யாரையும் தொடாத, ஒரு உசுருக்கும் கெடுதல் வேண்டாம்; ஊருக்குள்ள போற நாள மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடு'ன்னு. மெல்லமாத்தான் சொல்லுவா. கேட்டுத் தொலைச்சுருச்சே. ஆத்தா நான் கேட்டதக் குடுத்துட்டா. அவ கேட்டத யாரு குடுக்குறது, சொல்லு?"